நலமாக இருக்கும்போதும் நிறுத்தலாகாத மாத்திரை



"மூச்சு வாங்குவது நின்றுவிட்டது, படபடப்பும் இல்லை. இனி எதற்கு இந்த மாத்திரை?" இதய வால்வு பழுதுற்றவர் வாழும் இல்லங்களில் என்றேனும் ஒருநாள் எழும் கேள்வி இது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால், உயிருக்கே உலை வைக்கக்கூடிய எண்ணமும் இதுவே. காரணத்தைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

நம் நாட்டில் இளவயதினரின் இதய வால்வு கெடுவதற்கு முதன்மையான காரணம் ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிப் பருவத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. அக்கிருமியை எதிர்த்து எழும் உடலின் தற்காப்புச் சக்தி, சில குழந்தைகளிடம் வழிதவறி மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வலி நீங்கிவிடும். வால்வில் விழுந்த வடு நீங்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வு தடித்துக் குறுகுகிறது. இக்குறுக்கம் பெண்களிடமே மிகுதி. பலருக்கு அது முதன்முதலில் வெளிப்படுவது கர்ப்ப காலத்து மூச்சுத்திணறலாகத்தான்.

வாசல் குறுகினால் உள்ளே கூட்டம் நெருக்குவது போல, மேலறையில் இரத்தம் தேங்குகிறது. அறை விரிகிறது. நாளடைவில் அது சீராகச் சுருங்கும் இயல்பை இழந்து, நிமிடத்திற்கு 300 முறைக்கும் மேலாக ஒழுங்கின்றி நடுங்கத் தொடங்குகிறது. இந்த மேலறை நடுக்கத்தை ஈ.சி.ஜி. படம் காட்டிவிடும். தேங்கிய இரத்தம் உறைகிறது. அவ்வுறைவின் சிறு துண்டு மூளைக்குச் சென்றால், முந்திய கணம்வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பக்கவாதத்தில் சாய்ந்துவிடுகிறார்.

உறைவு உருவாகும்போது வலியில்லை. எவ்வித முன்னறிவிப்பும் இல்லை. ஆகவே, "நலமாக உணர்கிறேன்" என்பது மாத்திரையை நிறுத்துவதற்குச் சான்றாகாது. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் படபடப்பைத் தணிப்பதற்காகத் தரப்படுபவை அல்ல. உறைவைத் தடுப்பதற்காகத் தரப்படுபவை.

இம்மாத்திரையின் அளவு குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் இரத்தக் கசிவு ஏற்படும். ஆதலால் ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனை இன்றியமையாதது. மாத்திரை உண்ணாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். வால்வுக் குறுக்கத்துடன் மேலறை நடுக்கமும் உடையவருக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு பொருத்தியவருக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை. அளவு நிலைத்த பிறகும் மருத்துவர் குறிக்கும் நாள்களில் பரிசோதனை தொடர வேண்டும்.

அறுவை முடிந்ததும் கவலை தீர்ந்தது என எண்ண வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. அதனைப் போன்ற உலோக வால்வு எதைப் பொருத்தினாலும் இம்மாத்திரை ஆயுள் முழுவதும் தேவை. பரிசோதனை வேண்டாத புதிய மருந்துகள் வந்துவிட்டனவே எனச் சிலர் வினவலாம். 2022இல் வெளியான இன்விக்டஸ் என்னும் பன்னாட்டு ஆய்வில், ருமாட்டிக் வால்வு நோயுடன் மேலறை நடுக்கமும் உடையோரிடையே, புதிய மருந்தான ரிவராக்ஸபானைவிடப் பழைய வகை மாத்திரை உண்டோரிடமே உயிரிழப்பு குறைவாக இருந்தது. எனவே பிறர் சொல் கேட்டு மருந்தை மாற்றாதீர்கள்.

கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நிறைய, மறுவாரம் இல்லை என்றில்லாமல் ஒரே அளவாக உண்ணுங்கள். வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேளாமல் உட்கொள்ளாதீர்கள். ஒருவேளை மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் உண்ணுங்கள். மறுநாள் இரண்டாக உண்ணாதீர்கள். பல் பிடுங்குமுன் பல் மருத்துவரிடம் இந்நோயைக் கூறுங்கள்.

ரமளான் வருமுன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். நாளுக்கு ஒருமுறை உண்ணும் இம்மாத்திரையை நோன்பு திறந்த பின் உண்ணும்படி அவர் மாற்றித் தரக்கூடும். நீர் பிரிய மாத்திரை உண்பவருக்கும், மூச்சுத்திணறல் உடையவருக்கும் நோன்பு தீங்கு தரலாம். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை மார்க்கமே வழங்கியிருக்க, அதனை ஏற்பதில் கூச்சம் எதற்கு?

மணமான சகோதரிகளுக்கு ஒரு சொல். வார்ஃபரின் கருவின் தொடக்க வாரங்களில் சிசுவைப் பாதிக்கக்கூடும். அதற்காகத் தாமே நிறுத்தினால் தாயின் உயிருக்கு ஆபத்து. கருத்தரிக்குமுன்பே மருத்துவரிடம் பேசினால், இருவரையும் காக்கும் வழியை அவர் வகுப்பார். இந்நோயை மாமியார் வீட்டில் மறைத்து, மாத்திரையை ஒளித்து உண்ணும் பெண்கள் உண்டு. மாமியார்களே, கணவன்மார்களே! அவள் ஒளிக்க வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். ஒளித்து உண்பவளுக்கு வேளை தவறுவது எளிது.

முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் - இவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். தலையில் அடிபட்டாலும், மலம் கறுத்தாலும், ஈறில் இரத்தம் நிற்காவிட்டாலும் அவ்வாறே.

குழந்தைக்குக் காய்ச்சலுடன் தொண்டை வலி கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைத் தவறவிடாதீர்கள். தாய் நாள்தோறும் உண்ணும் மாத்திரை, பிள்ளைக்கும் தேவைப்படாமல் காக்கும் வழி அதுவே.