புல்லட்டும் நம் உரிமையும்

தோழர்களே, 1950களிலேயே புல்லட் தயாரான ஊர் நம் திருவொற்றியூர். அதே வண்டியை ஓட்டியதால்தான் 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று குடும்பத்தார் குமுறினர். ஆகவே நாம் செகண்ட் ஹேண்டில் புல்லட் வாங்குவது வெறும் ஆசை அல்ல.

முதலில் ஆர்.சி.யை நம் பெயருக்கு மாற்றுவோம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறோம். அடுத்த செலவு பிரேக்குக்கும் டயருக்கும். டேங்கில் நீலம் பூசலாம், அந்த நிறத்தையும் ஆர்.சி.யில் பதிந்துவிட வேண்டும். சைலன்சரில் மட்டும் கை வைக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 182ஏ(4)இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ராயபுரம், எண்ணூர் பையன் என்றாலே ஓரங்கட்டுபவர்களுக்கு நாமே ஏன் காரணம் தர வேண்டும்?

முழக்கம் போட நமக்குத் தொண்டை இருக்கிறது. ஜெய் பீம்.