பங்காளிகளின் கழகம்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு நடுவே இன்னும் சில மசாலாக் கிடங்குகள் பிழைத்துக் கிடக்கின்றன. போன மாதம் அதில் ஒன்றின் வாசலில் லாரியிலிருந்து சுக்கு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மூட்டையைத் தோளில் வாங்கிய பையன் போட்டிருந்த பனியன் பாதி சிவப்பு, பாதி மஞ்சள். சுக்குத் தூசு படிந்து மஞ்சள் பக்கம் வெளுத்திருந்தது. நெஞ்சில் ஒரு தீப்பந்தம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகத்தின் சின்னம் அது. கிடங்குக்காரர் அவனை "பங்காளி" என்று கூப்பிட்டார்.

மலையாளத்தில் அதற்கு வங்காளி என்று பொருள். அசாமியும் பீகாரியும் ஒடியாவும்கூடக் கேரளத்துப் பேச்சில் பங்காளிதான். ஆனால் தமிழ்க் காதில் அந்தச் சொல் வேறு கதவைத் தட்டுகிறது. நமக்குப் பங்காளி என்பவன் ஒரே சொத்தில் உரிமை உள்ளவன். சாவுக்குத் தலையை மழித்துக்கொள்பவன், வரப்புக்காக வழக்குப் போடுபவனும் அவனே. அந்தத் தெருவில் நின்றபோது ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் நூறு வருடக் கதையை இந்த ஒரு சொல்லை வைத்தே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கு அந்தக் கழகத்தில் பங்கு இருந்தது, அது எப்படிக் கைமாறியது என்பதுதான் கதை.

1920 ஜூலை 28 அன்று கொல்கத்தாவில் ஜோராபாகான் அணிக்கும் மோகன் பகானுக்கும் ஆட்டம். ஜோராபாகானின் சைலேஷ் போஸ் காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டார். அவர் கிழக்கு வங்காளத்துக்காரர் என்பதுதான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். அணியின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரியும் கிழக்கிலிருந்து வந்தவர். போஸை ஆட விடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. வெளியேறினார். நான்கே நாளில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. முதல் தலைவர் சாரதாரஞ்சன் ராய், சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோரின் அண்ணன்.

அப்போது கொல்கத்தாவில் கிழக்கத்தியரை "பாங்கால்" என்பார்கள். பட்டிக்காட்டான் என்ற ஏளனம் அதில் ஒட்டியிருந்தது. அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். வந்தவர்கள் அந்த ஏளனத்தையே பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டார்கள். முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்குத்தான் இடம் என்ற விதியோடு மல்லுக்கட்டி 1925இல் உள்ளே நுழைந்தார்கள். பிறகு கீழே இறங்கி, 1930இல் மீண்டும் ஏறும் உரிமை மறுக்கப்பட்டபோது ரசிகர்கள் தீப்பந்தம் ஏந்தித் தெருவில் இறங்கினார்கள். அந்தப் பையன் நெஞ்சில் இருந்தது அந்தப் பந்தம்தான். கொல்கத்தா லீக் கோப்பை முதன்முதலாகக் கைக்கு வர 1942 ஆயிற்று.

ஐந்து வருடம் கழித்து நாடு பிளந்தது. சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடையில் குடும்பம் குடும்பமாக வந்து விழுந்தார்கள். ஜாதவ்பூர் பக்கம் காலி நிலத்தில் இரவோடிரவாகக் குடிசை போட்டுக் காலனி என்று பெயர் வைத்தார்கள். விட்டுவந்த ஊர் இனி வேறு நாடு. பத்மா நதி, தென்னந்தோப்பு, பள்ளிக்கூடம் எதுவும் அவர்களுடையதாக இல்லை. கிழக்கு வங்காளம் என்ற பெயரை உரக்கக் கத்த மைதானம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் அன்று இரவு சந்தையில் இலிஷ் மீன் விலை ஏறும். பரம எதிரி மோகன் பகான் ஜெயித்தால் இறால். அகதி முகாமில் இலிஷ் வாங்கக் காசு ஏது என்று கேட்கலாம். கடன் வாங்கித் தின்றார்கள்.

இந்தக் கதையில் நான் அதிகம் நிற்க விரும்பும் இடம் அடுத்துதான் வருகிறது. ஏதிலிகளின் அந்தக் கழகத்துக்குப் பொற்காலத்தைக் கொண்டுவந்தவர்கள் வங்காளிகளே கிடையாது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. முன்களத்தில் ஆடிய ஐவருமே தென்னிந்தியர்கள். பஞ்ச பாண்டவர்கள் என்று கொல்கத்தா அவர்களுக்குப் பெயர் வைத்தது. அகமது கான் பெங்களூர்க்காரர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணியில் இருந்தவர். சாலே கோட்டயத்துக்காரர். 1949இல் லீக், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே வருடத்தில் வந்தன. ஷீல்டு 1951 வரை தொடர்ந்து மூன்று முறை. 1951, 1952 இரண்டிலும் டுராண்ட். 1953இல் கழகம் ருமேனியாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் ஆடப் போனது.

தன் மண்ணை இழந்தவன் தன் கழகத்தையாவது தன் ஆளுக்கென்று பூட்டி வைத்துக்கொள்வான் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர்கள் பூட்டவில்லை. வங்காளம் பேசத் தெரியாத கோட்டயத்துப் பையனிடம் பந்தைக் கொடுத்து, இனி எங்கள் ஊரின் பெயர் உன் காலில் என்று விட்டுவிட்டார்கள். கழகம் மேலே போனது அந்த நம்பிக்கையால்தான் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். வந்தேறி, பரதேசி என்ற சொற்களை வசவாக மட்டுமே புழங்குகிற இன்றைய தமிழ் மேடைகளுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். சென்னையிலும் திருப்பூரிலும் "வடக்கன்" என்ற சொல் எந்தத் தொனியில் புழங்குகிறது என்பதை நாம் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

பிறகும் வெற்றிகள் நிறைய. 1970 முதல் 1975 வரை ஆறு வருடம் தொடர்ந்து லீக். 1975 ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5–0. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் நெரிசலில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்த நாளையும் சேர்த்துத்தான் இந்தக் கதை. 1997இல் சால்ட் லேக் அரங்கில் 1,31,000 பேர் பார்க்க, பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பி.இ.சி. டேரோ சாசனாவை 3–1 என்று வீழ்த்தி ஆசியான் கழகக் கோப்பையைத் தூக்கினார்கள். அடுத்த வருடம் தேசிய லீக். அதற்குப் பிறகு 2025 வரை தேசிய லீக் பட்டம் அந்தப் பக்கம் வரவில்லை.

சரிவு மைதானத்தில் தொடங்கவில்லை. 1998இலேயே ஒரு மதுபான நிறுவனம் உள்ளே வந்திருந்தது. ஈஸ்ட் பெங்காலின் முன்னாலும் மோகன் பகானின் முன்னாலும் ஒரே முதலாளியின் இரண்டு சரக்குகளின் பெயர் ஒட்டப்பட்டது. எழுபது வருடப் பகையின் இரு கரையும் ஒரே கணக்குப் புத்தகத்தில். 2018இல் குவெஸ் நிறுவனத்துக்கு 70 விழுக்காடு பங்கு போனது. இரண்டு வருடத்தில் அதுவும் கிளம்பியது. 2020இல் ஸ்ரீ சிமெண்ட். கழகம் ஐ.எஸ்.எல். லீகுக்குள் நுழைந்ததே அந்தப் பணத்தால்தான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட நிர்வாகிகள் மறுத்தார்கள், முதலாளி பணத்தை நிறுத்துவேன் என்றார். 2021 ஜூலையில் கழகக் கூடாரத்தின் முன்னால் திரண்ட ரசிகர்கள் மீது தடியடி. அடுத்த வருடம் இமாமி. 2020 முதல் 2025 வரை ஐந்து பருவங்களில் லீகில் கிடைத்த இடங்கள் ஒன்பது, பதினொன்று, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. நடுவில் 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை ஒன்று வந்தது. பன்னிரண்டு வருடத்தில் முதல் தேசியக் கோப்பை. வளர்ந்த ஆண்கள் கைப்பேசித் திரையைப் பார்த்துக்கொண்டு அழுதார்கள்.

பணம் வேண்டாம் என்று சொல்லும் அசடல்ல நான். பழைய நிர்வாகிகளும் புனிதர்கள் இல்லை, கூடாரத்தைக் குடும்பச் சொத்துபோல் வைத்துக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு. என் ஆத்திரம் வேறு. நிறுவனமும் நிர்வாகமும் விழுக்காட்டுக்கு அடித்துக்கொண்டபோது, தடியடி வாங்கியவனின் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளிலும் எழுதப்படவில்லை.

பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. 1997இல் கொச்சியில் தொடங்கிய எஃப்.சி. கொச்சின், ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி, நம்மூர் ராமன் விஜயன் என்று ஆட்டக்காரர்களைக் குவித்து அதே வருடம் மோகன் பகானைத் தோற்கடித்து டுராண்ட் வாங்கியது. கேரள அணி ஒன்று டுராண்ட் வாங்கியது அதுவே முதல் முறை. ஐந்தாறு வருடத்தில் பணம் வற்றிக் கடை மூடியது.

ஜூ டவுன் தெரு முட்டி நிற்கும் இடத்தில் 1568இல் கட்டிய பரதேசி யூதப்பள்ளி இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்பதை அவர்களும் பெயரிலேயே வைத்துக்கொண்டார்கள். தரையில் சீனத்து நீல வெள்ளை ஓடுகள், கையால் தீட்டியவை. பார்க்கக் கட்டணம் கொடுத்து வருகிறவர்கள் ஏராளம். முழுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும், அந்தப் பத்துப் பேர் ஊரில் இல்லை. இஸ்ரேல் பிறந்த பின் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டார்கள்.

சிட்னியில் வேறு விதமாக நடந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் 1939இல் ஹக்கோவா என்ற கழகத்தைத் தொடங்கினார்கள். ஹீப்ருவில் வலிமை என்று பொருள். வியன்னாவில் 1925இல் ஆஸ்திரிய லீகை வென்று, பிறகு நாஜிகளால் கலைக்கப்பட்ட ஹக்கோவாவின் நினைவில் வைத்த பெயர். 1977இல் ஆஸ்திரேலியாவின் முதல் தேசிய லீக் அவர்களுக்கு. 1980, 81, 82 மூன்றும் அவர்களுக்கே. அதற்குள் பெயரில் இனவாடை கூடாது என்ற அழுத்தத்தில் ஹக்கோவா, சிட்னி சிட்டி ஆகிவிட்டது. கோப்பை வந்தும் கூட்டம் வரவில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகள் ஊரோடு கலந்து விட்டார்கள், ஞாயிறு மதியம் அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. 1987 பருவத்தில் ஒரே ஒரு சுற்று ஆடிவிட்டு அணி விலகியது. அதை வழிநடத்திய ஃபிராங்க் லோவிதான் 2005இல் புதிய ஏ-லீக் பிறந்தபோது ஆஸ்திரேலியக் கால்பந்தின் தலைவர். அந்த லீகில் குடியேறிகளின் பழைய கழகங்களுக்கு இடமே இல்லை.

ஆட்கள் போய்விட்டதால் மட்டாஞ்சேரியில் தொழுகை நின்றது. ஆட்கள் செழித்துவிட்டதால் ஹக்கோவா நின்றது. இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஈஸ்ட் பெங்காலின் ஆட்கள் எங்கும் போகவில்லை. அவர்களில் ஒருவன் என் எதிரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

பேச்சுக் கொடுத்தேன். நதியா மாவட்டம். தாத்தா பரிசாலில் இருந்து கைக்குழந்தையோடு எல்லை தாண்டியவர். அவன் மூன்று வருடமாக இங்கே, மலையாளம் நன்றாகவே பேசினான். கலூர் மைதானத்துக்கு ஈஸ்ட் பெங்கால் ஆட வந்தபோது பெரும்பாவூரிலிருந்து வந்த கூட்டத்தோடு போய் உட்கார்ந்தானாம். அன்றைய கூலியை விட்டுவிட்டு.

"தம்பி, சாலே என்று பெயர் கேள்விப்பட்டிருக்கிறாயா?"

இல்லை என்று தலையாட்டினான். பஞ்ச பாண்டவர் என்றதும் கண் விரிந்தது. அந்தக் கதை தாத்தா சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் கேரளத்துக்காரர் என்பது மட்டும் தெரியாது. கோட்டயம் என்றேன்.

"கோட்டயம் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும், சேட்டா?"

"இரண்டு, இரண்டரை மணி நேரம்."

"ஞாயிற்றுக்கிழமை லீவு" என்றான். அதற்குள் லாரியிலிருந்து அடுத்த மூட்டை சரிந்தது. தோளைக் கொடுக்கப் போய்விட்டான்.