பிளேன் பார்க்கப் போகும் நாங்கள் விட்டு வருவது என்ன?



பெருநாள் லீவு வந்தால் கட்டுநாயக்க ஏர்போட் வேலியோரம் எங்கள் ஆட்கள்தான். திரீவீலரில், வேனில் குடும்பமாகப் போய் இறங்கி, பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்து, தலைக்கு மேலால் இறங்கும் பிளேனைக் காட்டுகிறோம். அதில் பிழை இல்லை. வாப்பாவை கட்டாருக்கும் உம்மாவை சவூதிக்கும் ஏற்றி அனுப்பிய பிள்ளைகளுக்கு அது வெறும் வேடிக்கையும் இல்லை.

ஆசிரியர்களாகச் சொன்னால், அது நல்ல வகுப்பறை. பிளேன் காற்றை எதிர்த்தே இறங்கும், ஏறும். காற்று மாறினால் பக்கமும் மாறும். ரன்வேயின் ஒரு நுனிக்குப் பெயர் 04, மற்றதுக்கு 22. திசைகாட்டியில் கிட்டத்தட்ட 40 பாகை, 220 பாகை. வித்தியாசம் சரியாக 180. இதைவிட லேசாகக் கோணம் படிப்பிக்க முடியுமா?

பிரச்சினை, திரும்பி வரும்போது நாங்கள் விட்டு வருவதில்தான். சோத்துப் பார்சல், கோழி எலும்பு, சொப்பிங் பேக். நாங்கள் போன கையோடு காகம் வருகிறது, கொக்கு வருகிறது, பருந்து வட்டமிடுகிறது. பறவை பிளேனில் மோதுவது பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். அதாவது, நாங்கள் பாய் விரித்துச் சாப்பிடும் அந்த இடத்துக்கு மேலே.

"ஒரு காகம் என்ன செய்யும்?" என்று கேட்கிறோம். 2009 ஜனவரி 15 நியூயோர்க்கில் வாத்துக் கூட்டம் மோதி ஒரு பிளேனின் இரண்டு எஞ்சினும் செயலிழந்தன. ஹட்சன் ஆற்றில் இறக்கியதால் 155 பேரும் தப்பினார்கள். எல்லா பிளேனுக்கும் கீழே ஆறு இருக்காது.

தரைக்குக் கிட்ட வந்த பிளேனுக்கு ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மண் கண்டிருக்கிறது. 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ்ஜை முடித்துவிட்டு இந்தோனேசியா திரும்பிய ஹாஜிமாரின் பிளேன் கட்டுநாயக்கவில் இறங்க வந்து தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் மௌத்தானார்கள். காரணம் பறவை அல்ல. ஆனால் அவ்வளவு பதிவாக வரும் பிளேனுக்குப் பிழை திருத்த நேரம் கிடையாது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

குப்பையோடு முடியவில்லை. பட்டக் காலத்தில் எங்கள் பொடியன்மார் ரன்வேக்கு நேராகப் பட்டம் விடுகிறார்கள். இரவில் பைலட்டின் கண்ணுக்கு லேசர் அடித்துச் சிரிக்கிறார்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் ஏற்றி வீடியோ போடுகிறார்கள், நாங்கள் லைக் போடுகிறோம். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பான் கழிவை உரப்பையில் கட்டிக் கால்வாயில் வீசுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். ஆகாயமும் பாதைதானே?

"குப்பை எடுக்க ஆள் வருவதில்லை" என்பீர்கள். உண்மை, அதற்கும் குரல் கொடுப்போம். ஆனால் சோத்துப் பார்சலை வீட்டிலிருந்து சுமந்து வந்தவருக்கு வெறும் பேக்கைத் திருப்பிக் கொண்டுபோக யாருடைய உதவியும் தேவையில்லை.

"எங்களைக் கண்டால் மட்டும் விரட்டுகிறார்கள்" என்பதும் வழமையான பேச்சு. அப்படி நடந்த இடமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2001 ஜூலை 24 தாக்குதலைக் கண்ட ஏர்போட் அது. வேலிப் பக்கம் நிற்பவரை விசாரிப்பது பாதுகாப்புக்காரரின் கடமை. கையில் லேசரும் காலடியில் குப்பையுமாக நின்றுகொண்டு நியாயம் கேட்டால் யார் காது கொடுப்பார்கள்? ஒருவன் செய்ததற்காக நாளை எல்லோருக்கும் தடை வந்தால், முதலில் இழப்பது எங்கள் பிள்ளைகள்தான்.

அடுத்த முறை போகும்போது ஒரு வெறும் உரப்பையும் கொண்டு போவோம். எங்கள் குப்பையோடு பக்கத்தில் கிடப்பதையும் பொறுக்குவோம். பட்டத்தை ஊர் மைதானத்துக்கோ கடற்கரைக்கோ, ஏர்போட்டை விட்டுத் தூரமாகக் கொண்டு போவோம். குர்பான் கழிவைக் குழி வெட்டிப் புதைக்க ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் பெருநாளுக்கு முன்பே ஆள் வைக்கட்டும்.

அந்தப் பிளேனில் வருவது யாரோ அல்ல. இரண்டு வருஷம் கழித்து வீடு வரும் எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும்தான்.