அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கிறது?

குழந்தைகள் நலத் திட்டம் என்றாலே சத்துமாவும் முட்டையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, அடுப்படியில் நிற்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. சாதி உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

மையம் ஊர்த்தெருவில் இருந்தால், விடியலில் கூலிக்குப் போகும் சேரித் தாய் மூன்று வயதுப் பிள்ளையை யாரோடு அனுப்புவார்? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டார்கள். உடனே இடமாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான். போராடிய பிறகே வேலை திரும்பியது. சோற்றை மறுத்தது குழந்தைகளின் நாக்கு அல்ல, பெற்றவர்களின் சாதி.

சமையல் பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை, தலித் குடியிருப்புகளில் அங்கன்வாடி என்ற இரண்டையும் உச்ச நீதிமன்றம் 2004லேயே உத்தரவிட்டிருக்கிறது. அது சலுகை அல்ல, நம் பிள்ளைகளின் உரிமை.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. கிராம சபை கூடும் நாளும் அக்டோபர் 2தான். அன்று எழுந்து நின்று கேட்போம்: எங்கள் தெருவுக்கு மையம் எங்கே? சமையலர் பணியில் எங்கள் பெண்கள் எத்தனை பேர்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.