ஆங்கிலச் சொல் அறிவோம்: ஸ்டீமி



தோட்டத்துத் தாய் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். இடைநிலைப் பள்ளியில் பயிலும் அவர் மகன், அப்பா வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலையைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், அந்த இடம் 'ஸ்டீமி'யாக இருக்கும் என்று எழுதினானாம். வாசித்துக் காட்டியபோது வகுப்பே சிரித்ததாம். வாடிய முகத்தோடு வந்தவனை அப்பா காரணம் கேட்டதற்கு, வாய் திறக்கவில்லையாம். "பையன் எழுதியது தப்பா, ஐயா?" என்று கேட்கிறார்.

தப்பே இல்லை, அம்மா.

'ஸ்டீம்' என்றால் நீராவி. 'ஸ்டீமி' என்றால் நீராவி நிறைந்தது. இட்லிச் சட்டியைத் திறந்ததும் ஆவி சூழ்ந்துகொள்ளும் சமையற்கட்டு ஸ்டீமி. மழை விட்டு வெயில் அடிக்க, சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் நம் ஊர்ப் பிற்பகலும் ஸ்டீமிதான்.

ஆலையில் செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில்தான் வேகவைக்கிறார்கள். ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேகும். அப்போதுதான் பழம் குலையை விட்டுக் கழலும், எண்ணெயும் கெடாது. அந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது?

பிறகு ஏன் சிரிப்பு? 300 ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் இச்சொல்லோடு, 20ஆம் நூற்றாண்டில் இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது. திரைப்படம், நாவல் ஆகியவற்றைப் பற்றிச் சொன்னால், 'காமச்சுவை மிகுந்தது' என்று பொருள்படும். ஆகவே, எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஆலை, சமையற்கட்டு, வானிலை என்றால் தயங்காமல் எழுதலாம். ஆட்களையோ கடிதத்தையோ பற்றி எழுதும்போது கவனம் தேவை.

இன்னும் இரண்டு சொற்களையும் சேர்த்துப் படியுங்கள். ஆவி பறக்கும் சோறு 'ஸ்டீமிங்'. ஆவியில் வெந்த இட்லி 'ஸ்டீம்ட்'. இவற்றுக்கு 'ஸ்டீமி' பொருந்தாது.

தம்பி, சிரித்தவர்களுக்கு ஒரு பொருள்தான் நினைவுக்கு வந்தது. உனக்கு இப்போது எல்லாம் தெரியும். அந்தக் கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டு; தமிழிலும் பொருள் சொல். அந்த வெக்கையில் நின்றுதான் அவர் உன்னைப் படிக்க வைக்கிறார்.

அடுத்த இதழில் வேறொரு சொல்லுடன் சந்திப்போம்.