உச்ச விலைக்குச் சட்டம், உத்தரவாத விலைக்கு வாய்ச்சொல்

நாட்டரிசியைக் கிலோ 230 ரூபாவுக்கு மேல் விற்ற கடைக்காரர் குற்றவாளி. நாட்டு நெல்லைக் கிலோ 120 ரூபாவுக்குக் கீழ் வாங்கிய வியாபாரி கெட்டிக்காரர். நமது நாட்டின் உணவுக் கொள்கையைச் சுருக்கிச் சொல்லும்படி சட்டம் படித்த ஒருவரிடம் கேட்டால், இதற்கு மேல் அவர் சொல்வதற்கு அதிகம் இல்லை.

இவ்விரு விலைகளும் பிறந்த விதத்தைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆலை முதலாளிகளை அழைத்துப் பேசினார். அதன் முடிவில் நாட்டரிசிக்கு 230, வெள்ளைப் பச்சையரிசிக்கு 220, சம்பாவுக்கு 240, கீரிச்சம்பாவுக்கு 260 ரூபா என உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. அந்த விலைக்குப் பின்னால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நிற்கிறது. 2021இல் செய்த திருத்தத்தின்படி தனி வியாபாரிக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை அபராதம் உண்டு. முள்ளியவளையில் சிறுகடை வைத்திருக்கும் ஒருவரை நீதவான் முன் நிறுத்தி நடுங்க வைக்க இது தாராளமாய்ப் போதும்.

நெல்லின் கதை வேறு. 2025 பெப்ரவரி முதல் வாரத்திலே, பல வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிவிட்ட பின்னர், நாட்டு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என்ற உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. இதன் பின்னால் நிற்பது யாது? நெல் சந்தைப்படுத்தும் சபை களஞ்சியத்தைத் திறந்தால், அதனிடம் பணமும் இருந்தால், தான் வாங்கும் நெல்லுக்கு அது தரும் விலை, அவ்வளவே. வயல் வரம்பில் லொறியுடன் நிற்கும் வியாபாரியை அது கட்டுப்படுத்தாது. உத்தரவாதம் என்ற சொல்லுக்கு நீதிமன்றத்திலே ஒரு பொருள் உண்டு. கடனாளி தவறினால் உத்தரவாதம் தந்தவர் கொடுத்தே தீர வேண்டும். இங்கே விலை விழுந்தால் கமக்காரர் யார்மீது வழக்கு வைப்பது?

சபை கேட்பது 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதன் உள்ள நெல்லை. அதில் நியாயம் இருக்கிறது. ஈரநெல் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் இயந்திரம் அறுத்த நெல் ஈரத்துடனேயே வயலை விட்டு வருகிறது. அதை உலர்த்தத் தளம் எங்கே? தார் வீதியே தளம். வானம் இருண்டால் குடும்பமே ஓடி அள்ளுகிறது. இதற்கிடையில் இயந்திரக் கூலி நிற்கிறது, பசளைக் கடன் நிற்கிறது, அடகு வைத்த நகை நிற்கிறது. வியாபாரியோ ஈரநெல்லையும் ஏற்கிறார், கையில் காசும் தருகிறார், மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று தாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். கமக்காரர் அவரிடம் போவதை மடமை என்று எவரும் சொல்ல வேண்டாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். நெல் 120 ரூபாவானால் அரிசியில் நெல்லின் பங்கு 180 ரூபா. ஆலைக்கும் லொறிக்கும் கடைக்கும் மீதி 50 ரூபா. நெல்லை 100 ரூபாவுக்கு வாங்கினால் அந்த மீதி 80 ரூபாவாகிறது. அரிசியோ அதே 230 ரூபாதான். தண்ணிமுறிப்புக் குளத்து நீரிலும் முத்தையன்கட்டுக் குளத்து நீரிலும் விளைந்த நெல் தெற்கே ஆலைகளுக்குப் போய், அச்சடித்த பையில் அரிசியாய்த் திரும்பி வருகிறது. மாசியில் விற்றவரே ஆவணியில் அதை வாங்குகிறார். பள்ளி ஆசிரியரும் கச்சேரி உத்தியோகத்தரும் அதே பையைத்தான் வாங்குகின்றனர். மலிவு அரிசி கேட்கும் உத்தியோகத்தருக்கும் நல்ல விலை கேட்கும் கமக்காரருக்கும் பகை என்று கொழும்பிலே பேசுவார்கள். வன்னியில் அவ்விருவரும் பெரும்பாலும் ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும்.

கொழும்பின் அச்சம் பழையது. 1953 ஜூலையில் கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால். ஒக்டோபரில் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்றுதொட்டு ஆட்சிக்கு வந்தோர் அரிசி வாங்குவோருக்கு அஞ்சிய அளவில் பாதிகூட நெல் விளைவிப்போருக்கு அஞ்சியதில்லை.

அஞ்சாதவர் செய்ததை 2021இல் கண்டோம். காலநிலை மாற்றத்துக்குப் பரிகாரம் என்ற பெயரில் ஏப்ரலில் மந்திரிசபை முடிவெடுத்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டது. நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ கிளாஸ்கோ மாநாட்டில் இயற்கை விவசாயத்தின் பெருமையை எடுத்துரைத்தார். அம்மாத இறுதியிலேயே தடை நீக்கப்பட்டது. 2022இல் 50 கிலோ யூரியா மூடை கறுப்புச் சந்தையில் 40,000 ரூபா வரை போயிற்று. உலகத்தைச் சூடாக்கும் புகையில் இலங்கையின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் மிகக் குறைவு. அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்ய அழைக்கப்பட்டவர் இரண்டு ஏக்கர் கமக்காரர்!

காலநிலை மாறவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2024 நவம்பரில் வெள்ளம் வடக்குக் கிழக்கு வயல்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. விதைத்த சில வாரங்களில் வெள்ளம் வருமாயின் மறுபடி விதைக்கும் செலவும் நெல்லின் அடக்கவிலையில் சேரும். உத்தரவாத விலையை நிர்ணயிப்போர் இதைக் கணக்கில் எடுக்கின்றனரா?

நம்மவரையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1987இன் 13ஆவது திருத்தம் விவசாயம், கூட்டுறவு, மாகாணத்துக்குள் உணவு விநியோகம் ஆகியவற்றை மாகாண சபையின் நிரலில் வைத்தது. வட மாகாண சபை இருந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்தின் அருகிலும் உலர்த்தும் தளமும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆலைகளும் ஏற்பட்டிருக்கலாகாதா? 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் வந்த அரசாங்கங்கள் தேர்தலைத் தள்ளிக்கொண்டே போயின. அதிகாரப் பகிர்வு என்பது அரசியலமைப்பு வகுப்பறைக்குரிய பாடம் என்று எண்ணுவோர், நெல் மூடையைக் கட்டிவைத்து வாங்குவார் இன்றி ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். 2024 பொதுத் தேர்தலில் வன்னியின் ஆறு ஆசனங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்திக்கு இந்த மண் கொடுத்தது. ஆளுங்கட்சியின் அவ்விரு உறுப்பினருக்கும் இக்கேள்வி சொந்தமானது. ஏனைய நால்வருக்கும் விலக்கில்லை.

கேட்க வேண்டியது இதுதான்: உத்தரவாத விலை விதைப்புக்கு முன்பே அறிவிக்கப்படவேண்டும், ஆலைகளையும் மொத்த வியாபாரிகளையும் கட்டுப்படுத்தும் வகையில் அது சட்டமாகவேண்டும். அதுவரை கமக்கார அமைப்புகள் ஒரு காரியம் செய்யலாம். களஞ்சியம் நெல்லைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வியாபாரியிடம் நிறை, விலை, கழிவு மூன்றையும் எழுதிய சீட்டு வாங்குங்கள். மறுத்தால் திகதியையும் லொறி இலக்கத்தையும் நீங்களே குறித்துவையுங்கள். ஒரு போகத்தின் சீட்டுகள் ஒரு கட்டாய்ச் சேர்ந்தால், அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதை நாம் பார்த்துக்கொள்வோம்.