கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கு இல்லை

குற்றக்கதை என்றால் தமிழ் வாசகருக்கு ஓர் எதிர்பார்ப்பு உண்டு. முதல் அத்தியாயத்தில் பிணம் விழும். கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கு மாட்டப்படும். சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா என்று யாராவது வந்து முடிச்சை அவிழ்ப்பார்கள். பாக்கெட் நாவலை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்தத் தூக்கத்தைக் கெடுக்கிற தொகுப்பு 'மும்பை நுவார்'. நகரம் நகரமாக இருண்ட கதைகளைத் திரட்டி வெளியிடும் நியூயார்க்கின் அகாஷிக் பதிப்பகத்துக்காக நாவலாசிரியர் அல்தாஃப் டயர்வாலா 2012ல் தொகுத்தது. ஆங்கிலத்தில் 14 கதைகள். கதைக்கு ஒரு பேட்டை: ஜெர்ரி பின்டோவுக்கு மாஹிம், ஆனி ஜைதிக்கு மீரா ரோடு, அஹ்மத் பங்களோவாலாவுக்கு நாக்பாடா. 'கல்பிஷ் ரத்னா' என்ற பெயரில் எழுதுபவர்கள் நம் சுபாவைப் போல இரட்டையர். இருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர்கள்.

நுவார் என்பது கருப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். துப்பறிகிறவரின் சாமர்த்தியம் இவ்வகைக் கதையில் இரண்டாம்பட்சம். குற்றம் செய்தவன், அதற்கு ஆளானவன், விசாரிப்பவன் மூவரும் ஒரே சேற்றில் நிற்பார்கள். கதை முடியும், நியாயம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

மிகை என்று தோன்றினால் காட்கோபரைப் பார்க்கலாம். 14 பேட்டைகளில் அது இல்லை. ஆனால் கதை அங்கே இருக்கிறது. 2002 டிசம்பர் 2 அன்று காட்கோபர் ரயில் நிலையத்துக்கு வெளியே பெஸ்ட் பஸ்ஸில் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள். கைதானவர்களில் ஒருவர் 27 வயது மென்பொருள் பொறியாளர். 2003 ஜனவரியில், வெளியூருக்குக் கொண்டுபோகும் வழியில் ஜீப் விபத்துக்குள்ளாகி, அவர் தப்பிவிட்டதாகச் சொன்னது போலீஸ். மகன் காவலிலேயே கொல்லப்பட்டான் என்று நீதிமன்றப் படியேறினார்கள் பெற்றோர். உடல் கிடைக்கவில்லை. போலீஸார் நால்வர் மீது கொலை வழக்குப் பதிவானது. 20 ஆண்டுகள் கழிந்த பிறகும் தீர்ப்பு வரவில்லை. குண்டு வழக்கில் விசாரணையைச் சந்தித்தவர்களையோ 2005ல் பொடா நீதிமன்றம் விடுவித்துவிட்டது. பஸ்ஸில் இறந்த இருவரின் குடும்பத்துக்கும் பதில் இல்லை, பொறியாளரின் குடும்பத்துக்கும் இல்லை.

இதை வைத்துப் பாக்கெட் நாவலை மட்டம் தட்ட வேண்டியதில்லை. நீதிமன்றம் தர மறந்ததை அது ஒரே மூச்சில் தந்துவிடுகிறது; லட்சக்கணக்கானவர்கள் விரும்பிப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வகைக் கதைகளைப் பத்து எழுத்தாளர்களிடமிருந்து தேர்ந்தெடுத்து, ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். ஆண்டு 2008.

எதிர்த் திசையிலிருந்தும் ஒன்று வரலாம். தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் காட்கோபரும் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இடங்கள். இந்த நகரத்தின் இருட்டை அவர்களில் ஒருவர் தமிழிலேயே எழுதலாம். கைவிலங்குக்காகக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டும் பழக்கத்தை மட்டும் வாசகர் விட்டுவிட வேண்டியிருக்கும்.